நிலநடுக்கப் பதிவுகளைத் தெரிதலும் அளவுமாற்றலும்

பொறுமைக்கு உவமை கூற வந்த தமிழ்ப் புலவர் நிலத்தையே எடுத்துக்காட்டினர். எப்பாரத்தையும் அசையாது தாங்குவது நிலம் என்பது மக்கள் உள்ளத்தில் வேரூன்றிய எண்ணம். கலிபோர்ணியா, மெக்சிக்கோ, யப்பான் முதலிய இடங்களில் வாழ்வோர் இவ்வெண்ணத்தை வைத்துக்கொள்ள இயலாதவர். ஆங்கு நிலமே அசைகின்றது. அதன்மீது நிற்கும் கட்டடமும் உடன் அசைகின்றது. நிலநடுக்கத்தில் உயிரிழப்போருட் பெரும்பாலார் நிலம் பிளந்து அதனுள் வீழ்ந்து இறப்பவரல்லர். தாம் வாழ்ந்த வீடும் தொழில் புரிந்த மனையும் தம்மேல் வீழ இறப்பவரே. ஆதலின் அந்நாடுகளிற் கட்டடம் வகுக்கும் பொறியியலாளர்மீது சுமத்தப்பட்ட பொறுப்பு மிகப் பெரிது.

பாலம் ஒன்றை வகுப்போர் அதன்மேற் செல்லக்கூடிய வண்டிகளின் நிறையை முன்னரே அறிவர். காற்றின் வேகமோ ஆண்டுதோறும் அளக்கப்படுகின்றது. நிலநடுக்கம் அத்தகையதன்று. ஒரு கட்டடத்தின் ஆயுளில் அஃது ஒருமுறை வரலாம், வராமலும் போகலாம். வருங்கால் எவ்வாறு அசைக்கும் என்பதை எவரும் முன்கூட்டி எழுதிவைத்தல் இயலாது. பொறியியலாளர் கையில் உள்ளவை, வேறிடங்களில் வேறு காலங்களில் நிகழ்ந்த நடுக்கங்கள் கருவிகளில் விட்டுச்சென்ற பதிவுகளே. உயர்ந்த மாடிக் கட்டடம், மருத்துவமனை, அணைக்கட்டு, பெரும்பாலம் போன்றவற்றை வகுக்குமிடத்து, அப்பதிவுகளுட் சிலவற்றைத் தெரிந்தெடுத்து, வேண்டிய அளவுக்குப் பெருக்கியோ குறைத்தோ, கணினியிற் கணித உருவாக அமைத்த கட்டடத்தின் அடியிற் செலுத்திப் பார்ப்பர். தூண் எவ்வளவு வளைகின்றது, எம்மாடி மிகுதியாகச் சாய்கின்றது, கட்டடம் நிற்குமா வீழுமா என்பன அதனால் அறியப்படும்.

எப்பதிவுகளைத் தெரிவது? எவ்வளவு பெருக்குவது? இவ்விரு வினாக்களும் கணக்கின் வாயிலில் நிற்பவை. இவற்றுக்குத் தவறான விடை கூறப்படின், பின்னர்ச் செய்யப்படும் கணக்கு எத்துணை நுட்பமானதாயினும் அதனாற் பயனில்லை. இவ்விரு செயல்களின் இயல்பும், அவற்றிற் பொதிந்துள்ள இடர்களும் ஈண்டு ஆராயப்படுகின்றன.

பதிவின் பிறப்பு

தொலைவில் நிகழும் நடுக்கங்களை உணரும் நுண்கருவிகள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே இருந்தன. எனினும் வலிய நடுக்கம் அண்மையில் நிகழின் அவற்றின் முள் அளவுகடந்து சென்றுவிடும். கட்டடங்களைத் தகர்க்கவல்ல அசைவை அளப்பதற்கெனத் தனிக் கருவிகளை நிறுவும் பணியை ஐக்கிய அமெரிக்காவின் கரையோர நில அளவைத் திணைக்களம் 1932ஆம் ஆண்டில் மேற்கொண்டது. அடுத்த ஆண்டு மார்ச்சு மாதம் 10ஆந் திகதி லோங் பீச் நகரப் பகுதியில் நிகழ்ந்த நடுக்கத்தில் அக்கருவிகள் வலிய அசைவின் முதற் பதிவுகளைத் தந்தன. அந்நடுக்கத்திற் பாடசாலைக் கட்டடங்கள் பல இடிந்து வீழ்ந்தன. மாலை ஆறு மணியை அணுகிய வேளையாதலின் வகுப்பறைகள் வெறுமையாயிருந்தன. சில மணி நேரம் முந்தியிருப்பின் நேர்ந்திருக்கக்கூடியதை எண்ணி அஞ்சிய கலிபோர்ணியா மாநிலம், ஒரு மாதத்துள் பாடசாலைக் கட்டடங்களின் உறுதிக்கெனத் தனிச் சட்டம் இயற்றியது.

இக்கருவி பதிவது நிலத்தின் ஆர்முடுகலை. வேகம் மாறும் வீதமே ஆர்முடுகல் எனப்படும். பேருந்து சடுதியாகப் புறப்படுங்கால் அதனுள் நிற்போர் பின்னோக்கிச் சாய்வது வேகத்தாலன்று, ஆர்முடுகலாலேயே. நடுக்கத்தின்போது கட்டடம் தாங்கவேண்டிய விசையும் அவ்வாறே அதன் திணிவையும் ஆர்முடுகலையும் பொறுத்தது. ஆர்முடுகலின் அளவைப் புவியீர்ப்பு ஆர்முடுகலின் இத்தனை பங்கு எனக் கூறுதல் வழக்கம். ஒவ்வொரு கருவியும் கிடையாக ஒன்றுக்கொன்று செங்குத்தான இரு திசைகளிலும், நிலைக்குத்தாக ஒரு திசையிலும், ஆக மூன்று கோடுகளை வரையும்.

1940ஆம் ஆண்டு மே மாதம் 18ஆந் திகதி தென் கலிபோர்ணியாவின் இம்பீரியல் பள்ளத்தாக்கில் நிகழ்ந்த நடுக்கத்தை எல் சென்றோ என்னும் ஊரிலிருந்த கருவி பதிந்தது. அப்பதிவின் வடக்குத் தெற்குக் கோட்டில் உச்ச ஆர்முடுகல் புவியீர்ப்பின் ஏறத்தாழ மூன்றிலொரு பங்காகும். வலிய நடுக்கம் ஒன்றின் நல்ல பதிவு வேறு அரிதாயிருந்த காலமாதலின், பல பத்தாண்டுகளாக உலகெங்கும் பாடநூல்களிலும் ஆய்வுகூடங்களிலும் எல் சென்றோவே அளவுகோலாக ஆளப்பட்டது. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது சமையற்கட்டில் உண்மையே. ஆயின், உலகத்து நடுக்கங்கள் யாவும் ஒரே பானையில் வெந்தவை அல்ல. இதனை உணர்வதற்குக் கட்டடத்தின் இயல்பை முதற்கண் அறிதல் வேண்டும்.

கட்டடத்தின் இயல்பசைவு

ஊஞ்சலைத் தள்ளிவிட்டால் அது தனக்கென அமைந்த காலத்திலேயே சென்று மீளும். விரைந்து தள்ளினும் மெல்லத் தள்ளினும் அக்காலம் பெரிதும் மாறாது. அக்காலத்தோடு பொருந்தச் சிறுகச் சிறுகத் தள்ளினும் ஊஞ்சல் உயர எழும். பொருந்தாது தள்ளினால் வலியவன் கையும் வீணாகும். கட்டடங்களும் இவ்வாறே. ஒவ்வொன்றுக்கும் தன் திணிவையும் விறைப்பையும் பொறுத்த இயல்பான அலைவுகாலம் உண்டு. மாடி ஒன்றுக்குச் செக்கனிற் பத்திலொரு பங்கு என்பது பருமட்டான கணக்கு. அதன்படி இருமாடி வீடு 0.2 செக்கனிலும், பத்துமாடிக் கட்டடம் ஏறத்தாழ ஒரு செக்கனிலும் ஒருமுறை சென்று மீளும். ஒரே நிலநடுக்கம் ஒரு கட்டடத்தை வீழ்த்தி, அதனை அடுத்த கட்டடத்தை வாளா விட்டுச்செல்வதன் காரணங்களுள் இது தலையாயது.

எனவே, பதிவொன்றை நோக்கி இது வலியதா மெலியதா என வினவுதல் குறைபாடுடைய வினாவாகும். எவ்வலைவுகாலமுடைய கட்டடத்துக்கு வலியது என்றே வினவுதல் வேண்டும். இவ்வினாவுக்கு விடை தருவது துலங்கல் நிறமாலை. வெவ்வேறு அலைவுகாலமுடைய எளிய ஊசல்கள் பலவற்றை ஒரே தட்டில் நிறுத்தி, அத்தட்டைப் பதிவிற் கண்டவாறு அசைத்து, ஒவ்வோர் ஊசலும் அடையும் உச்சத்தைக் குறித்துக் கோடாக வரைந்தால் அதுவே துலங்கல் நிறமாலையாகும். இக்கருத்தை மோரிஸ் பியோ என்பார் 1932இல் கலிபோர்ணியாத் தொழினுட்பக் கழகத்திற் சமர்ப்பித்த ஆய்வில் வெளியிட்டார். அக்கழகத்தைச் சேர்ந்த ஜோர்ஜ் ஹவுஸ்னர் இதனை நடைமுறைப் பொறியியலுக்கு ஏற்ற கருவியாக வளர்த்தார். அவர் நான்கு பதிவுகளின் எட்டுக் கிடைக்கோடுகளை ஓரளவுக்குக் கொணர்ந்து சராசரி கண்டு, வகுப்போர் ஆளத்தக்க நிறமாலையை 1959இல் வழங்கினார். பலவற்றைத் தெரிந்தெடுத்து, ஓரளவுக்கு மாற்றி, சராசரி காணும் முறையின் வித்து அதிலேயே உண்டு.

உச்சம் ஒன்றே அளவாகாது

பதிவின் வலிமையை உச்ச ஆர்முடுகல் ஒன்றினாலேயே மதிப்பிடுதல் நெடுங்காலம் வழக்கிலிருந்தது. அம்மதிப்பீடு எத்துணைப் பிழையானது என்பதை இரண்டு நடுக்கங்கள் தெளிவாகக் காட்டின.

1985ஆம் ஆண்டு செப்டெம்பர் 19ஆந் திகதி காலை மெக்சிக்கோவின் பசுபிக் கரையோரத்தில் 8.0 பருமனுடைய நடுக்கம் நிகழ்ந்தது. தலைநகராகிய மெக்சிக்கோ நகரம் 350 கிலோமீற்றருக்கு அப்பால் உள்ளது. அந்நகரில் வன்பாறைமீது அமைந்த பல்கலைக்கழக நிலையத்தின் பதிவில் உச்சம் புவியீர்ப்பின் 0.03 முதல் 0.04 பங்கு வரையே. ஆயின் நகரின் நடுப்பகுதி பண்டைய ஏரியொன்றின் மென்களிமண் மீது எழுந்தது. அக்களிமண் ஏறத்தாழ இரண்டு செக்கன் காலமுடைய அலைவுகளைப் பற்றிப் பெருக்கியது. ஏரிப்படுகையிலிருந்த போக்குவரத்து அமைச்சின் வளவிற் கிடைத்த பதிவில் உச்சம் 0.17 பங்கு, எல் சென்றோவின் பாதியளவே. ஆயினும் இரண்டு செக்கன் அலைவுகாலமுடைய ஊசல் அப்பதிவினால் புவியீர்ப்பு ஆர்முடுகலையே எட்டியது. ஏறத்தாழ 6 முதல் 15 மாடிகள் வரையுள்ள கட்டடங்களே மிகுதியாக வீழ்ந்தன. தாழ்ந்த பழைய வீடுகள் பல தப்பின. 1956இல் முடிக்கப்பெற்ற 44 மாடி லத்தீன் அமெரிக்கக் கோபுரமும் உறுதியாக நின்றது. இறந்தோர் பல்லாயிரவர்.

இதற்கு மாறானது 1994ஆம் ஆண்டு சனவரி 17ஆந் திகதி லொஸ் ஏஞ்சலிஸ் நகரின் நோத்ரிட்ஜ் பகுதியில் நிகழ்ந்த நடுக்கம். அப்போது டார்சானா என்னுமிடத்திலிருந்த கருவி புவியீர்ப்பின் ஏறத்தாழ 1.8 மடங்கு உச்சத்தைப் பதிந்தது. அவ்வெண்ணை மட்டும் நோக்குவோர் அப்பகுதி தரைமட்டமாகியிருக்கும் என்றே கருதுவர். ஆயின் அக்கருவியை அண்டிய வீடுகளில் அவ்வெண்ணுக்கேற்ற அழிவு காணப்படவில்லை. ஒரு கணத்திற் தோன்றி மறையும் கூரிய உச்சம், திணிவுமிக்க கட்டடத்தை நகர்த்துவதற்கு முன்னரே முடிந்துவிடும். ஆதலின், மெக்சிக்கோப் பதிவையும் டார்சானாப் பதிவையும் உச்சம் ஒன்றாகுமாறு பெருக்கியும் குறைத்தும் சமனாக்கிவிட்டோம் எனக் கருதுவோர், பெயரளவிலேயே அவற்றைச் சமனாக்கியவராவர்.

தெரிதல்

பதிவுகளைத் தெரியுமிடத்து முதலில் வினவவேண்டியது, கட்டடம் எழும் இடத்தை அச்சுறுத்தும் நடுக்கம் எத்தகையது என்பதாகும். அண்மையிலுள்ள நிலப்பிளவுகள் எவை, அவை எத்துணைப் பருமனுள்ள நடுக்கத்தைத் தரவல்லன, எவ்வளவு தொலைவில் உள்ளன, அடியிலுள்ள மண் பாறையா மணலா களிமண்ணா என்பனவற்றை ஆராய்ந்து, அவற்றோடு இயன்றவரை ஒத்த சூழலிற் கிடைத்த பதிவுகளையே நாடுதல் வேண்டும்.

பருமன் கூடும்போது அசைவின் வலிமை மட்டுமன்றி அதன் தன்மையும் மாறுகின்றது. சிறு நடுக்கம் சில செக்கன்களில் முடியும்; அதில் விரைந்த அலைவுகளே மிகுதி. பெருநடுக்கத்தில் நெடிய அலைவுகள் வளம் பெறுகின்றன, அசைவும் நீள்கின்றது. 2011ஆம் ஆண்டு மார்ச்சு 11ஆந் திகதி யப்பானில் நிகழ்ந்த 9.0 பருமனுடைய நடுக்கத்தில் வலிய அசைவு இரண்டு நிமிடத்துக்கு மேல் நீடித்த இடங்கள் பல. வளைந்து வளைந்து இளகும் தூணுக்கு, பத்து முறை வளைதலும் அறுபது முறை வளைதலும் ஒன்றல்ல. குழந்தையின் அழுகுரலை ஒலிபெருக்கியில் எத்துணை பெருக்கினும் அது யானையின் பிளிறலாகாது. சிறுநடுக்கத்தின் பதிவைப் பன்மடங்கு பெருக்கினும் அது பெருநடுக்கமாகாது.

நிலப்பிளவுக்கு மிக அண்மையிலுள்ள இடத்துக்குத் தனிக் கவனம் வேண்டும். பிளவு கிழிந்துகொண்டு தன்னை நோக்கி வருமிடத்து, அலைகளின் ஆற்றல் திரண்டு, ஒன்றிரண்டு பெரிய நெடும் உந்தல்களாக வந்து தாக்கும். 1971ஆம் ஆண்டு பெப்ரவரி 9ஆந் திகதி நிகழ்ந்த சான் பெர்ணாண்டோ நடுக்கத்தில் ஒலிவ் வியூ மருத்துவமனை பெருஞ்சேதமுற்றுப் பின்னர் இடித்தகற்றப்பட்டது. அது புதிதாகக் கட்டி முடிக்கப்பெற்ற கட்டடம். அதனைத் தாக்கியது இத்தகைய நெடும் உந்தல் என்பது பின்வந்த ஆய்வுகளிற் புலனாயிற்று. தொலைவிற் கிடைத்த பதிவுகளை மட்டும் தெரிந்தெடுத்துச் சோதிப்போர் இவ்வியல்பை என்றுங் காணார்.

இன்று பதிவுகளுக்குப் பஞ்சமில்லை. 1995ஆம் ஆண்டுக் கோபே நடுக்கத்தின் பின்னர் யப்பான் தன் நாடெங்கும் ஆயிரம் அளவிலான கருவிகளை நிறுவியது. 1999இல் தாய்வானில் நிகழ்ந்த சீசீ நடுக்கம் ஒன்றே நூற்றுக்கணக்கான பதிவுகளைத் தந்தது. பசுபிக் நிலநடுக்கப் பொறியியல் ஆய்வு நிலையம் தொகுத்துள்ள பதிவுக் களஞ்சியத்தின் இரண்டாம் வடிவில், 599 நடுக்கங்களிலிருந்து பெற்ற 21,336 பதிவுகள் உள்ளன. எனினும் மிகப் பெரிய நடுக்கத்தின் மிக அண்மைப் பதிவுகள் இன்னும் சிலவே. 2001ஆம் ஆண்டு சனவரி 26ஆந் திகதி குசராத்தில் நிகழ்ந்த பூச் நடுக்கத்தில், மையத்துக்கு அண்மையில் ஒரு முழுப் பதிவேனும் கிடைத்திலது; ஆய்வாளர் 200 கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள அகமதாபாத்திற் கிடைத்த பதிவைக்கொண்டே அமையவேண்டியவராயினர். இத்தகைய இடங்களுக்குப் பிறநாட்டுப் பதிவுகளை இரவல் பெறுதல் தவிர்க்கவொண்ணாதது. இரவல் பெறுவோர் நிலப்பிளவின் இயல்பும் மண்ணின் இயல்பும் ஒத்துள்ளனவா என்பதை ஆராய்ந்து பெறுதல் வேண்டும். ஒரே நடுக்கத்தின் பதிவுகளால் தொகுதி முழுவதையும் நிரப்புதலும் தகாது. அவ்வாறு செய்யின் அந்நடுக்கத்தின் தனிக்குணமே எல்லா நடுக்கங்களின் குணமாகத் தோன்றும்.

அளவுமாற்றல்

தெரிந்தெடுத்த பதிவின் ஆர்முடுகல் மதிப்புகள் யாவற்றையும் ஒரே எண்ணாற் பெருக்குதலே அளவுமாற்றலின் எளிய முறை. அலைவுகளின் காலமும் ஒழுங்கும் மாறா. வீச்சம் மட்டுமே மாறும். இரு கிடைக்கோடுகளையும் ஒரே எண்ணாலேயே பெருக்குதல் வேண்டும். இன்றேல் அவற்றுக்கிடையே இயற்கை அமைத்த விகிதம் குலையும்.

அப்பெருக்கெண்ணை எவ்வாறு காண்பது? உச்சத்தைக்கொண்டு காணுதல் பொருந்தாமை மேலே கூறப்பட்டது. கட்டடத்தின் முதல் அலைவுகாலத்தில் நிறமாலையின் மதிப்பு எவ்வளவு என நோக்குதல் அதனினுஞ் சிறந்தது. எடுத்துக்காட்டாக, ஒரு செக்கன் அலைவுகாலமுடைய கட்டடத்துக்கு அவ்விடத்தின் இலக்கு மதிப்பு 0.60 எனவும், பதிவின் நிறமாலை அக்காலத்திற் காட்டும் மதிப்பு 0.40 எனவும் கொண்டால், பெருக்கெண் 1.5 ஆகும். இவ்வாறு செய்யும்போது வெவ்வேறு பதிவுகள் தரும் விடைகள் ஒன்றையொன்று பெரிதும் அணுகிவருதலை, கோர்ணெல் முதலியோர் 1998இல் வெளியிட்ட ஆய்விற் காட்டினர்.

ஆயின் கட்டடம் ஒரே அலைவுகாலத்தோடு நில்லாது. உயர்ந்த கட்டடங்கள் முதலசைவோடு அதனினும் விரைந்த பிற அசைவுகளையும் உடையவை. மேலும், கொங்கிறீற்றில் வெடிப்புத் தோன்றி உருக்கு இளகும்போது விறைப்புக் குறைந்து அலைவுகாலம் நீள்கின்றது. மெக்சிக்கோ நகரில் ஒரு செக்கன் அளவினவாயிருந்த கட்டடங்கள், சேதமுற்று அலைவுகாலம் நீள நீள, இரண்டு செக்கன் அலைவை நோக்கித் தாமே சென்று சிக்கின. ஆதலின் முதல் அலைவுகாலத்துக்கு இருபுறமும் ஓர் அகன்ற எல்லையில் பதிவின் நிறமாலை இலக்கோடு பொருந்துமாறு அளவு மாற்றப்படுகின்றது. ஐரோப்பிய விதித்தொகுதி முதல் அலைவுகாலத்தின் 0.2 மடங்கு முதல் 2 மடங்கு வரையுள்ள எல்லையைக் கொண்டு, அவ்வெல்லையில் பதிவுகளின் சராசரி இலக்கின் 90 வீதத்துக்குக் குறையலாகாது என விதித்தது.

பதிவின் அலைவடிவையே சிறிது திருத்தி, நிறமாலை இலக்கோடு ஒட்டிச் செல்லுமாறு செய்யும் வேறொரு முறையும் உண்டு. அதனாற் குறைந்த பதிவுகளைக் கொண்டே சராசரி விடையை நெருங்கலாம். ஆயின் இயற்கை நடுக்கங்களுக்கிடையே உள்ள வேறுபாடு அதனால் மறைந்துவிடும். சராசரி மட்டும் வேண்டுவோருக்கு அஃது உதவும். எவ்வளவு மாறுபடக்கூடும் என்பதை அறிய விழைவோருக்கு உதவாது.

பெருக்கெண்ணுக்கும் எல்லை உண்டு. மிகப் பெரிய எண்ணாற் பெருக்கப்பட்ட பதிவுகள் கட்டடத்தின் சாய்வை உண்மையினும் மிகுத்துக் காட்டக்கூடும் என்பதை லூக்கோ, பசுரோ என்னும் ஆய்வாளர் 2007இல் எடுத்துக்காட்டினர். பெருக்கப்படும் பதிவின் நிறமாலை வடிவமும் இலக்கு நடுக்கத்தின் வடிவமும் ஒத்திராமையே அதன் காரணம். தெரிதல் செவ்விதாயின் அளவுமாற்றல் சிறிதே வேண்டப்படும். தெரிதல் பிழைப்பின் அளவுமாற்றல் அப்பிழையையும் சேர்த்தே பெருக்கும்.

இலக்கு எது?

இதுகாறும் இலக்கு எனப்பட்டது யாது என்பதும் ஆராயத்தக்கதே. ஓரிடத்தை அச்சுறுத்தும் நடுக்கங்கள் யாவற்றையும் நிகழ்தகவோடு சேர்த்துக் கணிக்கும் முறையை அலின் கோர்ணெல் 1968இல் வகுத்தார். அம்முறையால் ஒவ்வோர் அலைவுகாலத்துக்கும் ஒரே நிகழ்தகவுள்ள மதிப்பைக் கண்டு இணைத்த கோடே பெரும்பாலும் இலக்காகக் கொள்ளப்பட்டது. இதிலொரு மயக்கம் உண்டு. குறுகிய அலைவுகால மதிப்பு அண்மையில் நிகழும் சிறுநடுக்கத்தாலும், நெடிய அலைவுகால மதிப்பு தொலைவில் நிகழும் பெருநடுக்கத்தாலும் அமைந்திருக்கலாம். அவ்விரண்டையும் ஒருங்கே தரும் ஒற்றை நடுக்கம் இயற்கையில் அரிது. வகுப்பில் ஒவ்வொரு பாடத்திலும் முதலிடம் பெற்ற வெவ்வேறு மாணவரின் புள்ளிகளைக் கூட்டி, அதனை ஒரே மாணவனிடம் எதிர்பார்த்தல் போல்வது அது. இக்குறையைக் களைய, ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தில் கோர்ணெலிடம் பயின்ற ஜாக் பேக்கர், ஒரு குறித்த அலைவுகாலத்தில் மதிப்பு மிகுந்திருப்பின் ஏனைய அலைவுகாலங்களில் எதிர்பார்க்கத்தக்க சராசரி எதுவோ அதனையே இலக்காகக் கொள்ளும் முறையை வளர்த்தார். அம்முறைப்படி தெரியப்படும் பதிவுகள் இயற்கையில் நிகழும் நடுக்கங்களோடு மிகுதியும் ஒத்துள்ளன.

எண்ணிக்கையும் நேர்மையும்

எத்தனை பதிவுகள் வேண்டும் என்னும் வினாவுக்கு விடை காலத்தோடு மாறியுள்ளது. அமெரிக்கக் குடிசார் பொறியியலாளர் சங்கத்தின் 2005ஆம் ஆண்டு நியமம் குறைந்தது மூன்று பதிவுகளை வேண்டியது. ஏழுக்குக் குறையின் அவற்றுள் மிகப் பெரிய விடையையும், ஏழேனும் உளவாயின் சராசரியையும் கொள்ளலாம் என்றது. 2016ஆம் ஆண்டுப் பதிப்பு பதினொன்றுக்குக் குறையலாகாது என்றது. பதிவுக்குப் பதிவு விடை 40 வீதம் சிதறுமாயின், மூன்று பதிவுகளின் சராசரியில் ஏறத்தாழ 23 வீத ஐயமும், ஏழின் சராசரியில் 15 வீதமும், பதினொன்றின் சராசரியில் 12 வீதமும் எஞ்சும். எண்ணிக்கை கூட ஐயம் குறைகின்றது. ஆயின் முற்றாக ஒழிவதில்லை.

இவ்விடத்திலேதான் கணக்கு முடிந்து மனச்சான்று தொடங்குகின்றது. இருபதினாயிரம் பதிவுகளிலிருந்து பதினொன்றைத் தெரிவோர், விதிகள் யாவற்றையும் எழுத்தளவில் நிறைவேற்றிக்கொண்டே, கட்டடத்துக்கு மெல்லிய பதிவுகளை மட்டும் திரட்டவும் இயலும். தூணின் பருமனைக் குறைத்து உருக்கின் செலவைச் சுருக்க விழைவோருக்கு அஃது எளிய வழி. அவ்வழியை அடைப்பதற்காகவே, பதிவுகளைத் தெரிதற்கான காரணங்களை வெளிப்படக் கூறுதலும், வடிவமைப்பிற் தொடர்பில்லாத பிற வல்லுநர் அவற்றை மீளாய்வு செய்தலும் அந்நியமத்தில் இடம்பெற்றன. ஒரு விடைக்கு எதிரான பதிவை நீக்குவோர் அதனை ஏன் நீக்கினர் என்பதற்கு, விடையைக் காணுமுன்னரே கூறத்தக்க காரணம் உடையராயிருத்தல் வேண்டும்.

மெக்சிக்கோ ஏரிப்படுகையின் பதிவு இன்றும் உலகெங்குமுள்ள பொறியியற் கூடங்களில் ஆளப்படுகின்றது. வீழ்ந்த கட்டடங்களின் கீழ் மாண்டோரை அது மீட்டுத்தராது. ஆயின் மென்களிமண்மீது எழும் கட்டடம் ஒன்றை அப்பதிவைக் கொண்டு சோதிப்போர், அவற்றை வீழ்த்திய அதே அசைவை, எவரும் குடியேறுமுன்னரே அக்கட்டடத்தின் கணித உருவில் நிகழ்த்திக் காண்கின்றனர். நலிந்த தூண் அங்கேயே, காகிதத்திலேயே முறிந்துவிடின், அதனைத் திருத்துதற்கு வேண்டுவன சிறிது கொங்கிறீற்றும் சிறிது உருக்குமேயன்றி வேறில்லை. அத்தூண் உரிய காலத்தில் முறிந்து காட்டுமாறு, உரிய பதிவை உரிய அளவில் அளித்தலே தெரிவோரின் கடன்.